யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளைத் திருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும், அங்கிருந்து சுண்டிக்குளிப் பக்கமாகவும், பழைய பறங்கித்தெருவின் மிச்சமாகக் கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. இவற்றைத் திருத்த வெளிக்கிடுபவர்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டைத் திறந்தவர்கள். சிலர் விருந்தினர் விடுதி நடத்த நினைப்பவர்கள். சிலர் அந்த வீட்டிலேயே பிறந்து இன்றும் அங்கேயே இருப்பவர்கள். ஆனால் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்களின் சொல்லிலேயே, இங்கே தொகுத்திருக்கிறோம். நல்லூர், வண்ணார்பண்ணைப் பக்கத்து நாற்சார் வீடுகளுக்கும் (நடுவில் திறந்த முற்றமுள்ள வீடுகள்) இவற்றில் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கட வீடு உண்மையா ஒல்லாந்தர் காலத்து வீடோ? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல். அந்த 137 வருடத்துக்குள் கட்டி, இன்றுவரை மாறாமல் நிற்கும் வீடு மிக அரிது. அத்திவாரமும் சில சுவர்களும் அந்தக் காலத்தவையாக இருக்கும். கூரை ஆங்கிலேயர் காலத்தது, தரை அதற்கும் பிந்தியது. ஆகவே வீட்டின் வயதைத் தேடாமல் ஒவ்வொரு பகுதியின் வயதையும் தனித்தனியே தேடுங்கள்.

சுவர் ஒன்றரை அடி முதல் இரண்டடி தடிப்பாக, முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டிருந்தால் பழையது. கைமரத்தில் அடித்த ஆணி சதுரமாக, பக்கங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தால் கொல்லன் அடித்தது. உருண்டைக் கம்பி ஆணி பிந்தியது. மங்களூர் ஓட்டைப் புரட்டி அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிசன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த வகை ஓடு கிடக்கும் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அரைவட்டப் பீலி ஓடு என்றால் அதைவிடப் பழைய முறை. பழைய உறுதிகளையும் எடுத்துப் படியுங்கள். எல்லைகளைச் சொல்லும்போதே "கல்வீடும் கிணறும்" என்று இருக்கும், அந்த உறுதியின் திகதி உங்களுக்கு ஒரு பிடி.

திருத்துறதுக்கு ஆரிட்ட அனுமதி எடுக்க வேணும்?

இரண்டு இடம். உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் திருத்தவோ மாற்றவோ கூட்டிக்கட்டவோ முடியாது. தனியார் காணியில் நின்றாலும் இது பொருந்தும். அறிவிக்கப்படாத வீடாக இருந்தாலும் ஒருமுறை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களை அந்தச் சட்டம் தனியாகக் கவனிக்கிறது.

மற்றது மாநகர சபை. ஓடு மாற்ற, பூச்சுப் பூச என்று சாதாரண பராமரிப்புக்கு ஒரு நிலை. சுவர் இடிக்க, அறை கூட்ட, பாவனையை விடுதியாக மாற்ற வேறொரு நிலை. வேலை தொடங்கமுதல் அளவுப்படத்தோடு போய்க் கேளுங்கள். நிலம் கிண்டும்போது பழைய காசு, பீங்கான், எலும்பு ஏதும் வந்தால் அதை எடுத்து அலுமாரியில் வைக்கக்கூடாது; வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தக் கம்பனியின் வீஓசி முத்திரை போட்ட செப்புக்காசு இந்தப் பகுதி மண்ணில் வருவது புதுமை இல்லை.

கனகாலம் பூட்டிக் கிடந்த வீடு. நேர உள்ளுக்குப் போகலாமோ?

போகாதீர்கள். முதலில் வெளியே நின்று கூரையின் முகட்டுக் கோட்டைப் பாருங்கள். அது நடுவில் தொய்ந்திருந்தால் முட்டுக்கொடுக்காமல் கீழே ஆள் நிற்கக்கூடாது. விறாந்தைத் தூண் ஒன்று சரிந்திருந்தாலும் அப்படியே.

யுத்த காலத்தில் கைவிடப்பட்ட வளவு என்றால் கிணறு, பழைய பதுங்குகுழி, குப்பை மேடு ஆகிய மூன்றையும் தாங்களாகக் கிளறாதீர்கள். கறள் பிடித்த உலோகத் துண்டு, வயர், பிளாஸ்டிக் குமிழ் எது கண்ணில் பட்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். பற்றையை எரித்து வளவு துப்புரவாக்குவது இப்படியான இடத்தில் மிக ஆபத்தானது.

முதல்ல எதில கை வைக்கிறது? காசு கொஞ்சம்தான் இருக்கு.

தண்ணீரில். இந்த வீடுகளைக் கொல்வது வயது இல்லை, தண்ணீர். மேலிருந்து ஒழுகுவது, கீழிருந்து ஏறுவது, பக்கத்தால் தூவானமாக அடிப்பது என்று மூன்று வழியால் அது வருகிறது. இவற்றை நிறுத்தாமல் உள்ளே பூச்சுப் பூசினால் அந்தக் காசு இரண்டு மாரிக்குள் சுவரை விட்டு உதிர்ந்து விழும்.

ஆகவே ஒழுங்கு இப்படி: ஆபத்தான இடங்களுக்கு முட்டு, சுவரில் முளைத்த மரங்களை அகற்றுதல், கூரை, பீலியும் வெளி வடிகாலும், பிறகு சுவரைக் காயவிடுதல், சுவர் வேலை, மின்சாரமும் குழாயும், பூச்சு, தரை, கடைசியாகக் கதவும் நிறமும். காசு கூரையோடு முடிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நல்ல கூரைக்குக் கீழே மீதி வீடு பத்து வருடமும் காத்திருக்கும்.

எந்த மாதம் தொடங்க நல்லது?

பார்வை வேலைக்குக் கார்த்திகை. கொட்டுகிற மழையில் ரோச் லைற்றோடு அறை அறையாகப் போய், ஒழுகும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, படம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் எந்த மேசனும் அந்த இடங்களைச் சரியாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் விழுகிறது. கூரையைத் தை கடைசியில் பிரிக்கத் தொடங்கலாம். சுண்ணாம்புப் பூச்சுக்கு மாசி, பங்குனி நல்லது. வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று. அது ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்பு இறுகமுதல் காயவைத்துவிடும். அந்தக் காலத்தில் பூசத்தான் வேண்டுமென்றால் நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். வெளிச்சுவர் வேலை எப்படியும் ஆவணிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி மழை பச்சைச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கூரையை முழுக்கப் பிரிக்க வேணுமோ?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு சரிவில் ஒரு பங்கை மட்டும் பிரித்து, முடித்து, அடுத்ததற்குப் போங்கள். முழுக் கூரையையும் ஒரேநாளில் இறக்கினால் பாரம் இழந்த சுவர்களின் மேல்வரிசைக் கற்கள் ஆடிப்போகும். படங்கு எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும்.

இறக்கிய ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்வெடிப்பு. நல்ல பழைய ஓடுகளை ஒரே சரிவில், வீதிப்பக்கமாகச் சேர்த்துப் போட்டு, புதியவற்றைப் பின்பக்கம் போடுவது வழக்கம். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு, உடைவும் சேர்த்து, 150 அளவில் வைத்துக் கணக்குப் பாருங்கள். ஓடு தாங்கும் சலாகைகளின் இடைவெளியைப் புத்தகத்தில் தேடாமல் கையிலுள்ள ஓட்டை வைத்து அளந்து எடுங்கள், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அரை அங்குலம் வித்தியாசம் வரும். சரிவு, கிடையாக ஓரடிக்கு ஏழு அங்குல உயரத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் வாடைக் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கடியால் ஏறும். முகட்டு ஓட்டைச் சீமெந்தில் பதிக்காதீர்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு (தண்ணீரில் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு) மூன்று பங்கு மணல் போதும், அதில் கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்தால் மழையைத் தாங்கும்.

கைமரம் கொஞ்சம் உக்கியிருக்கு. எல்லாத்தையும் மாத்தச் சொல்லினம், சரியோ?

அவசரப்படாதீர்கள். வைரம் பாய்ந்த பழைய பனைக்கு ஈடான மரம் இன்று விலைக்குக் கிடைப்பது கஷ்டம். கூரான திருப்புளியால் ஒவ்வொரு கைமரத்தையும் தீராந்தியையும் அடிக்கு ஓரிடம் குத்திப் பாருங்கள். முதலில் உக்குவது சுவருக்குள் புதைந்த முனைதான், நடுமரம் இரும்பாகவே இருக்கும். அப்படியானால் உக்கிய முனையை மட்டும் வெட்டி, நல்ல மரத்துண்டைச் சரிவாகச் சீவிப் பொருத்துங்கள். அந்தச் சரிவின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கறள் பிடிக்காத உருக்குப் போல்ற் இரண்டோ மூன்றோ போட்டு இறுக்கவேண்டும். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விடுங்கள். சாந்தால் அடைத்தால் அதே இடம் மறுபடி உக்கும்.

கறையானுக்கு, முதலில் அது எந்த வழியால் ஏறுகிறது என்று தேடுங்கள். சுவரோரம் மண்கோடு இருக்கும். ஈரத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்ப வரும். உள்மரங்களுக்குப் போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இருமுறை, மூன்றுமுறை பூசலாம். மழை படும் மரத்துக்கு அது உதவாது, கரைந்து போய்விடும். புதுப் பனை தறிக்க அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். இடித்த வீட்டுப் பழைய பனைமரம் கிடைத்தால் அதுவே மேல்.

அப்பா காலத்தில ஓட்டை எடுத்துப்போட்டு அஸ்பெஸ்ரஸ் போட்டவை. கழட்டலாமோ?

கழற்றலாம், உடைக்கக்கூடாது. தகட்டை நனைத்து, போல்ற்றைக் கழற்றி, முழுத்தகடாக இறக்க வேண்டும். வாளால் அறுப்பது, மேலே ஏறி மிதிப்பது, தூளைத் தும்புத்தடியால் கூட்டுவது மூன்றும் ஆகாது. நுண்துகள் வடிக்கும் சரியான முகக்கவசம் வேண்டும், துணி போதாது. ஓட்டின் பாரம் தகட்டைவிடப் பல மடங்கு. கூரை மரங்கள் இடையில் மாற்றப்பட்டு மெல்லியதாக்கப்பட்டிருந்தால் முதலில் மரத்தைப் பலப்படுத்திவிட்டுத்தான் ஓடு ஏற்றலாம்.

சீமெந்து பூசினா என்ன பிழை? ஊரெல்லாம் பூசினம்தானே.

முருகைக்கல் நுண்துளை நிறைந்தது. அது நிலத்து ஈரத்தை எடுக்கும், காற்றில் விடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான், இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிடும். சீமெந்து அந்த ஈரத்தை வெளியே விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும், முன்பு இரண்டடியில் நின்ற ஈரம் ஐந்தடிக்குப் போகும். அதோடு உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு பளிங்காகி வீங்கிக் கல்லை உடைக்கும்.

வெளியே பார்த்தால் சுவர் வழுவழுவென்று நன்றாகவே இருக்கும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், பொந்துச் சத்தம் வரும். அந்த இடத்தில் ஒரு துண்டைப் பெயர்த்தால், பூச்சின் முதுகில் கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே கல் ஈரமான மாவாக, கையால் வழிக்கக்கூடிய அளவில் கிடக்கும். நூறு வருடம் சுண்ணாம்புக்குள் இருந்தபோது ஆகாத சேதம் இது. "கொஞ்சம் சீமெந்து சேர்த்தால் கெட்டியாகும்" என்று மேசன்மார் சொல்வதும் ஆபத்துத்தான். சுண்ணாம்போடு சிறிதளவு சீமெந்து கலந்த சாந்து இரண்டின் குணத்தையும் இழந்துவிடுகிறது.

ஏற்கனவே பூசியாச்சு. இனி என்ன செய்யிறது?

சுவர் முழுவதையும் தட்டி, பொந்துச் சத்தம் வரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அங்கிருந்து சிறிய உளியால், சுவருக்குச் சாய்வாக, நெம்பி எடுங்கள். பெரிய சம்மட்டியால் அடித்தால் கல்லும் விழும். இறுக ஒட்டியிருக்கும் சீமெந்தை இப்போதைக்கு விடுங்கள். அதைப் பெயர்ப்பது, வைத்திருப்பதைவிடச் சேதம். நிலத்திலிருந்து நாலடி உயரம் வரையாவது எடுக்க முடிந்தால் அந்தச் சுவருக்குப் பெரிய விடுதலை. எடுத்தபின் ஒரு வெயில் காலம் முழுவதும் வெறுஞ்சுவராக விடுவதுதான் நல்லது. அவலட்சணமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச் சாந்து எப்பிடிக் குழைக்கிறது? அளவைச் சொல்லுங்கோ.

சுட்ட சுண்ணாம்புக்கல் கிடைத்தால் இரும்புப் பரலில் ஒரு பங்கு கல்லுக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர். முதலில் தண்ணீர், பிறகுதான் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கொதிக்கும், ஆவி வரும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். கண்ணில் பட்டால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறியபின் அரிதட்டில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். கட்டு வேலைக்கு ஒரு மாதம், மேற்பூச்சுக்கு மூன்று மாதம். கிடக்கக் கிடக்கக் களி வெண்ணெயாக வரும்.

கடையில் பையில் விற்கும் நீற்றிய சுண்ணாம்பையும் பாவிக்கலாம், ஆனால் பழையதாக இருக்கக்கூடாது. ஒரு கரண்டித் தூளில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நன்றாக நுரைத்தால் அது காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு. நல்லதென்றால் தண்ணீரில் ஒரு கிழமை ஊறவைத்துக் களியாக்குங்கள்.

கட்டுக்கும் முதல் பூச்சுக்கும் ஒரு பங்கு களி, மூன்று பங்கு மணல். இரண்டாம் பூச்சும் அதே அளவு, மணல் மட்டும் நைசாக. கடைசி மெழுகலுக்கு ஒன்றுக்கு ஒன்று, மிக நைசான மணல். முதலிரு பூச்சும் அரை அங்குலத்துக்கு மேல் தடிக்கக்கூடாது. கடைசிப் பூச்சு அரைக்கால் (எட்டிலொரு பங்கு) அங்குலம். குழைக்கும்போது மேலதிகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இடிக்க இடிக்கத் தானாக இளகும். ஈரம் கூடிய அடிச்சுவருக்குச் சுண்ணாம்பின் பாதியளவு செங்கல் தூள் சேர்க்கலாம், குறைந்த சூட்டில் வெந்த மென்செங்கல்லின் தூள்தான் வேலை செய்யும். கடுக்காய் ஊறலும் பனங்கட்டியும் மேற்பூச்சுக்குப் பாவித்தவை. சாதாரணச் சுவருக்குத் தேவையில்லை, பனங்கட்டி கூடினால் சாந்து இறுகாது. பூசமுதல் சுவரை நனையுங்கள். பூசியபின் ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பத்து நாளாவது விடுங்கள்.

மணற்காட்டு மணல் போதாதோ?

தனியே போதாது. அது காற்று சேர்த்த மேட்டு மணல், ஒரே அளவில் நைசாக, உருண்டையாக இருக்கிறது. அதில் குழைத்த சாந்து சுருங்கி வெடிக்கும். வன்னிப் பக்கத்துக் கரட்டு ஆற்றுமணலை முக்கால் பங்காக வைத்து, நைசு மணலைக் கால் பங்காகச் சேருங்கள். அனுமதிப்பத்திரத்தோடு வந்த லோட்டாகப் பார்த்து வாங்குங்கள். கடற்கரை மணல் எக்காரணத்துக்கும் வேண்டாம். மணலை ஒரு போத்தலில் போட்டுக் குலுக்கி, மேலே நிற்கும் தண்ணீரைக் கண்ணால் பாருங்கள். கலங்கல் கூடினால் மண் அதிகம், கழுவ வேண்டும். கழுவுவதும் குழைப்பதும் நல்ல தண்ணீரால். வளவுக் கிணறு உவர் என்றால் பவுசரில் எடுங்கள்.

சுவரின்ர அடியில வெள்ளையா உவர் பூக்குது. என்ன மருந்து?

மருந்து இல்லை, வழி இருக்கிறது. வெளியே வீதியும் வளவும் காலத்தோடு உயர்ந்து, வீட்டுத் தரையைவிட மேலே வந்திருக்கும். சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரைக்கு ஆறு அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் சீமெந்து போடாமல் சல்லி பரப்பி, தண்ணீர் வெளியே போகச் சரிவு கொடுங்கள். அத்திவாரத்தைத் தாண்டி ஆழமாக வெட்டவே கூடாது. உடைந்த குளியலறைக் குழாய், நிரம்பிய மலசலக்குழி, நிதம் தண்ணீர் ஊற்றும் பூமரப் பாத்தி ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள்.

பூத்த உவரைக் காய்ந்த தும்புப் பிரசால் தட்டி, கடதாசியில் ஏந்தி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் அதே உப்பு திரும்ப உள்ளே போகும். கடதாசிக் கூழை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரை அங்குலம் தடிப்பில் சுவரில் அப்பி, முற்றாகக் காய்ந்தபின் உரித்தால் உப்பை இழுத்துக்கொண்டு வரும். இரண்டு, மூன்று தரம் செய்யுங்கள். அதற்குப் பிறகு பூசும் சுண்ணாம்புப் பூச்சு மிச்ச உப்பைத் தான் வாங்கி உதிரும், கல் தப்பும். அந்த அடிப்பூச்சை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

சுவரில வெடிப்பு இருக்கு. எப்ப பயப்பட வேணும்?

வெடிப்பு நகருகிறதா என்பதுதான் கேள்வி, அகலம் இரண்டாவது. குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, திகதி எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்து கண்ணாடி உடையாவிட்டால் அது பழைய காயம், நிரப்பினால் போதும். உடைந்தால் காரணம் தேட வேண்டும்: தொய்ந்த கூரை சுவரை வெளியே தள்ளுகிறதா, பக்கத்தில் புதிதாக வெட்டிய குழியா, மரவேரா. நகரும் வெடிப்புக்குக் கட்டட எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

நின்றுபோன வெடிப்பைத் திறந்து துப்புரவாக்கி, நனைத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கரைசலைக் கீழிருந்து மேலாக ஊற்றுங்கள். அகலமானதென்றால் இரண்டடிக்கு ஒன்றாக நீளக்கல்லைக் குறுக்கே புதைத்துத் தையுங்கள். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை, இடிந்த மதில் கல்லைப் பாவியுங்கள். இரும்புக் கம்பி புதைக்க வேண்டாம். சுவரில் முளைத்த ஆலமரத்தையோ அரசமரத்தையோ பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, வெட்டு முகத்தில் உடனே களைகொல்லி பூசி, வேர் செத்தபின் அடையுங்கள்.

சன்னம் பட்ட அடையாளங்களை மூடுறதோ, விடுறதோ?

அது அந்தக் குடும்பம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். வீதிமுகத்தில் ஒரு பகுதியை அப்படியே விட்டவர்களின் முடிவை நாங்கள் மதிக்கிறோம், முழுவதையும் மூடியவர்களின் முடிவையும்தான். சுவருக்குத் தேவையானது வேறு. துளைக்குள் இரும்புச் சிதறல் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். கறள் பிடித்த இரும்பு முன்பைவிடப் பலமடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். துளையைச் சுற்றிச் செம்மஞ்சள் கறை படர்ந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து, மெல்லிய உளியால் எடுங்கள். எடுக்கப்போகும் துண்டு வெறும் சிதறலா, வெடிக்காததா என்று சிறு ஐமிச்சம் வந்தாலும் பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

சிவப்புச் சீமெந்துத் தரை வெடிச்சுப்போச்சு. ரைல்ஸ் போட்டா வடிவுதானே?

வடிவு சில வருடம். பளபளப்பான ரைல் நிலத்து ஈரத்தை மூடிவிடும், அது பக்கத்துச் சுவருக்குப் போகும், பிறகு மேலே சொன்ன உவர்க் கதை. சிவப்புத் தரையில் மயிர்வெடிப்பு குற்றமில்லை. கழுவி, காய்ந்தபின் தேங்காயெண்ணெய்ப் பூச்சுக் கொடுத்துத் துடைத்தால் நிறம் திரும்பும். உடைந்து தாழ்ந்த துண்டை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, அடியில் சல்லியும் சுண்ணாம்பும் இறுக்கி, மேலே காவி சேர்த்து மெழுகுங்கள். நிறம் உடனே பொருந்தாது, நாலைந்து மாதத்தில் ஒத்துவரும். முற்றத்தை எக்காரணத்துக்கும் மூடாதீர்கள். வீட்டின் காற்றும் வெளிச்சமும் அதால்தான்.

என்ன பெயின்ற் அடிக்கிறது?

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான். களியைப் பால் பதத்துக்குக் கரைத்து, வடித்து, நனைத்த சுவரில் மெல்லியதாக ஐந்து தரம், ஒரு நாளுக்கு ஒரு தரம். அடிக்கும்போது கண்ணாடிபோல் தெரியும், காயக்காய வெளுக்கும். தடிப்பாக ஒரே தரத்தில் அடித்தால் கையில் ஒட்டும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் மண் போன்ற மண்நிறங்கள் மட்டும், சுண்ணாம்பின் எடையில் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல். பிளாஸ்டிக் பெயின்ற் சீமெந்து செய்யும் வேலையையே மெதுவாகச் செய்யும்.

பழைய கதவு யன்னலுக்கு நல்ல விலை தாறம் எண்டு வருகினம்.

விற்காதீர்கள். மேலே விசிறி வடிவ மரவேலை உள்ள நிலையும் கதவும் ஒருமுறை போனால் அந்த அளவில் திரும்ப வராது, அந்த வாசலுக்கு வேறெதுவும் பொருந்தாது. மற்ற வீட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்குவதும் அதே சேதம்தான், வேறொருவர் சுவருக்கு.

பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். நெருப்பால் உருக்கவோ காய்ந்தபடி மினுக்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, செதிலைப் பையில் கட்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் சூடாக, இரண்டு மூன்று தரம் ஊட்டினால் முதிரையும் வேம்பும் தங்கள் நிறத்துக்கு வரும்.

பாத்ரூம், ஏசி, தண்ணித் தாங்கி எல்லாம் வேணும். பழைய வீட்டில எப்பிடி?

வைக்கலாம், சுவரைக் குடையாமல். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் பாரம், அதைப் பழைய சுவரிலோ கூரையிலோ ஏற்றக்கூடாது. பின் வளவில் தனித் தூணில் நிறுத்துங்கள். குளியலறைகளைக் குசினிப் பக்கத்துப் புறக்கட்டில், அல்லது புதிதாகக் கட்டிய தனி அறையில் வையுங்கள்; குழாய்கள் வெளியே தெரியட்டும், ஒழுக்குத் தெரியவரும். வயர் முழுவதையும் மாற்றி, ரிப் சுவிச்சும் நல்ல நில இணைப்பும் போடுங்கள். சுவரில் வாய்க்கால் வெட்டாமல் மேற்பரப்புக் குழாயில் கொண்டுபோங்கள். ஏசி போட்ட அறையில் யன்னலை நிரந்தரமாக அடைக்காதீர்கள்.

முழு வேலையையும் ஒருவருக்குக் குத்தகைக்குக் குடுக்கலாமோ?

கூரையைக் கொடுக்கலாம். சுண்ணாம்பு வேலையை நாள்கூலிக்குச் செய்விப்பதே நல்லது. குத்தகைக்காரருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம், சுண்ணாம்புக்குக் காத்திருப்புத்தான் வேலை. மேசனுக்கு முன்பழக்கம் இல்லையென்றால் பின்பக்கச் சுவரில் மூன்றடிச் சதுரம் பூசச் சொல்லி, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வெடிப்பில்லை, தட்டினால் பொந்துச் சத்தம் இல்லை, நகத்தால் கீறினால் மாவாக வரவில்லை என்றால் அவரை விடாதீர்கள்.

மேல ஒரு மாடி எழுப்பலாமோ?

பழைய சுவரின்மேல் முடியாது. அந்தச் சுவர் ஓட்டுக்கூரைக்காகக் கட்டியது, கொங்கிறீற்றுத் தட்டின் பாரத்தை உதிரும் சாந்து தாங்காது. சுவருக்குள் தூண் புதைத்து எழுப்பலாம் என்பவர்கள் அத்திவாரம் வெட்டும்போதே பழைய அத்திவாரத்தைக் குலைப்பார்கள். இடம் வேண்டுமென்றால் பின் வளவில், பழைய வீட்டிலிருந்து விலகி, அதன் முகட்டுக்கு மேற்படாத உயரத்தில் கட்டுங்கள்.

வீட்டில அஞ்சு பேருக்குப் பங்கு. மூண்டு பேர் வெளிநாட்டில. நான் காசு போட்டுத் திருத்தினா பிறகு என்ன நடக்கும்?

வேலை தொடங்கமுதல் தீர்க்க வேண்டியது இது. முதுசமோ சீதனமோ, உறுதியில் யார் யார் பெயர், இறந்தவர்களின் பங்கு யாருக்கு இறங்கியது என்று யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் பார்ப்பியுங்கள். காசு போட்டதால் மட்டும் மற்றவரின் பங்கு உங்களுக்கு வராது. நீங்கள் குடியிருப்பதாலும் இலேசில் வராது.

வெளிநாட்டில் உள்ளவர்களிடம் வேலை விபரம், யார் எவ்வளவு போடுகிறார், பிரிக்கும்போதோ விற்கும்போதோ அந்தக் காசு எப்படிக் கழிக்கப்படும் என்ற மூன்றும் உள்ள எழுத்துச் சம்மதத்தை வாங்குங்கள். உங்களுக்கு அற்றோணித் தத்துவம் தந்தால் அனுமதி எடுக்கும் வேலைகள் இலகுவாகும். அதில் திருத்தும் அதிகாரம் மட்டுமா, விற்கும் அதிகாரமும் சேர்ந்ததா என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். வேலைக்கு முன்னைய படங்களையும் எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் திகதி வரிசையில் வைத்து, ஒரு பிரதியை ஒவ்வொரு பங்காளிக்கும் மாதாமாதம் அனுப்பிவிடுங்கள்.